வயதைக் கடன் கொடுத்தவர்

லாம் குவாங் தியெப் கோபக்காரர் என்பது வின் லாங் நகரத்தில் கட்டட வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் கத்துவதில்லை. தப்பு கண்ணில் பட்டால் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து ஒரு தடவை 'ட்ச்' என்பார். சாரத்தில் நிற்கிற ஆளுக்கு அது போதும். கட்டிக்கொண்டிருந்த கம்பியை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்ட ஆரம்பிப்பான். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பல்லி என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

அவர் கட்டடக் கண்காணிப்பாளர். கட்டச் சொல்கிறவருக்கும் கட்டுகிறவருக்கும் நடுவில் நிற்கிற மூன்றாவது ஆள். யார் பக்கமும் சாயக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். கம்பி கட்டி முடிந்ததும், கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால், அவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. மறையப்போகிற பொருள்களைக் கடைசியாகப் பார்ப்பதுதான் அவருடைய பிழைப்பு. இப்படி ஒரு வேலையைச் செய்கிறவனுக்குப் பாராட்டு வராது. அவன் சரியாகப் பார்த்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

அவருடைய கோபத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தைக் கூடம் கட்டினார்கள். தூண்களில் இருக்க வேண்டிய கம்பி இல்லை என்று தியெப் கையெழுத்துப் போட மறுத்தார். அவருடைய கம்பெனி வேறு ஒருவரை அனுப்பியது, அவர் போட்டார். சந்தையைத் திறந்தார்கள், மேளம் அடித்தார்கள். பெற்றோரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் தியெப் அந்தக் கூடத்தைத் தாண்டித்தான் மோட்டார் சைக்கிளில் போக வேண்டும். அது நிற்கிறது. மீன் விற்கிறார்கள், வாத்து விற்கிறார்கள். "விழலையேண்ணே" என்று தெரிந்தவர்கள் கிண்டல் செய்வார்கள். விழ வேண்டும் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் நிற்கிற கட்டடம் எதையும் நிரூபிப்பதில்லை, இதுவரை விழவில்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது என்பதை அவரால் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. அந்த இயலாமை அவருக்குள் ஆறாத சூடாக இருந்தது.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு வீட்டுக்குத் தன் வயதைக் கடன் கொடுத்தார். அதுதான் இந்தக் கதை.

மழலைப் பள்ளி ஒன்று கட்டும் வேலை. சொந்தக்காரி லொவான், பல வருடம் வாடகை வீட்டில் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொண்டவள், வங்கிக் கடன் வாங்கிச் சொந்தமாக மூன்று மாடி எழுப்பத் துணிந்திருந்தாள். கண்காணிப்பு தியெப் வேலை பார்க்கும் கம்பெனிக்கு வந்தது. கம்பெனித் தலைவர் டாங் ஒருநாள் அவரைக் கூப்பிட்டு, ஐஸ் போட்ட பால் காபி வாங்கிக் கொடுத்தார். அவர் காபி வாங்கிக் கொடுத்தாலே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"தியெப், உங்க அப்பா அம்மா ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கல்ல?"

"இருக்காங்க சார். ஏன்?"

"நீ புலி வருஷத்துல பொறந்தவன்தானே?"

"விஷயத்தச் சொல்லுங்க சார்."

"லொவான் அம்மா வீட்டுக்காரருக்கு இந்த வருஷம் வயசு சரியில்லையாம். மண்ணுல கை வெச்சா ஆகாதாம். சோசியர் புலி வருஷத்து ஆளாப் பாத்து வயசு கடன் வாங்கிக்கச் சொல்லியிருக்கார். தாய் தகப்பன் இருக்கிற ஆளா, துக்கம் இல்லாத வீடா இருக்கணுமாம். உன்னை விட்டா யாரு?"

"நான் அந்த வேலைக்குக் கண்காணிப்பாளர்."

"அதனால என்ன? வீட்டுக்காரன் எடத்துல நின்னு மண்வெட்டியில நாலு கொத்து கொத்தணும், ஊதுபத்தி கொளுத்தணும். உன் கண்ணு ரெண்டும் உன்கிட்டயேதானே இருக்கப்போவுது?"

வயதைக் கேட்டு வருகிறவர்களை இல்லை என்று அனுப்புவது அந்த ஊரில் பெரிய அவமரியாதை. தியெப் காபியைக் குடித்தார். ஏதோ ஒன்று தப்பு என்று அவருக்குப் பட்டது. கம்பியில் இருக்கிற தப்பு என்றால் விரல் வைத்துக் காட்டியிருப்பார். இதற்கு விரல் வைக்க இடம் தெரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டார்.

"அப்ப ஒரு பள்ளிக்கூடத்துக்கே முதலாளி ஆயிட்டீங்க" என்றாள் அவருடைய மனைவி ஹுவே. "இனிமே என்னை முதலாளியம்மான்னு கூப்பிடுங்க."

பூமி பூஜை அன்று லொவான் ஒரு சிவப்புத் தாளில், இந்த மனையைத் தியெப்புக்கு விற்றுவிட்டதாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். வழக்கம் அது. வீடு முடிந்து குடிபோகும் நாளில் அதே தாளைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வாள். அதுவரைக்கும் தெய்வங்களின் கணக்கில் வீடு தியெப்புடையது. சடங்கு நடக்கும்போது நிஜச் சொந்தக்காரி கண்ணில் படவே கூடாது என்பதால் அவள் தெருமுனைக்குப் போய்விட்டாள். தியெப் ஊதுபத்தி ஏற்றி, சோசியர் சொல்லிக்கொடுத்தபடி, "லாம் குவாங் தியெப், புலி ஆண்டில் பிறந்தவன், இந்த வீட்டின் உரிமையாளன், மண் தெய்வத்திடம் அனுமதி கேட்கிறேன்" என்று முணுமுணுத்தார். பொய்யை உரக்கச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

அஸ்திவாரம், முதல் மாடி, இரண்டாம் மாடி எல்லாம் ஒழுங்காகவே போயின. ஒப்பந்தக்காரர் குயென் மோசமான ஆள் இல்லை. அவசரக்காரர். சிரித்த முகத்தோடு அவசரப்படுகிறவர், அதனால் அவர் மேல் கோபப்படுவது கடினம். தியெப் அந்தக் கடினத்தைத் தாண்டி அவ்வப்போது 'ட்ச்' சொன்னார், குயென் திருத்திக் கொடுத்தார்.

கடைசியாக மேல்தளம் வந்தது. வீடு கட்டுவதில் பூமி பூஜைக்கு அடுத்த பெரிய நாள் அதுதான். சந்திர நாட்காட்டியில் ஆறாம் மாதம் முடியப் போகிறது. ஏழாம் மாதம் பேய்களின் மாதம், எவரும் கூரை போட மாட்டார்கள். சோசியர் மிச்சமிருந்த ஒரே நல்ல நாளைக் குறித்துக் கொடுத்தார். காலையில் டிராகன் வேளை, ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை. அதற்குள் ஊதுபத்தி ஏற்றி, முதல் கான்கிரீட் விழ வேண்டும். தப்பினால் எட்டாம் மாதம்தான். அப்படி ஆனால் புத்தாண்டு முடிந்ததும் பள்ளியைத் திறக்க முடியாது. லொவான் ஏற்கெனவே பிள்ளைகளைச் சேர்க்க ஆரம்பித்திருந்தாள்.

முந்தைய நாள் பிற்பகல் பெரிய மழை. தெருப்பக்கம் கம்பி கட்டி முடியவில்லை. "நீங்க போங்கண்ணே, ராத்திரி விளக்குப் போட்டு முடிச்சிர்றோம், காலைல வந்து பாத்துக்குங்க" என்றார் குயென். தியெப் போய்விட்டார்.

காலையில் ஹுவே தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையும் வேலைக்குப் போடும் பூட்ஸுமாக வந்தார். ஒரு பாதி உரிமையாளன், ஒரு பாதி கண்காணிப்பாளர். கீழே மேசையில் முழுப் பன்றி வறுத்து வைத்திருந்தார்கள். பழங்கள், அரிசிச் சாராயம், உப்பு, அரிசி. தெருவில் கான்கிரீட் லாரிகள் வரிசையாக நின்றன. பம்ப் வண்டியின் நீண்ட கை மாடிக்கு மேலே வளைந்து காத்திருந்தது. தியெப் நேராக மேலே ஏறினார்.

தளம் தெருப்பக்கம் ஒரு ஆள் நீளத்துக்கு வெளியே நீண்டிருந்தது. அதற்குக் கீழே தூண் கிடையாது. மேலே பிள்ளைகள் விளையாடப் போகிறார்கள். கீழே, பிள்ளைகளை அழைத்துப்போக வரும் பெற்றோர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி மழைக்கு ஒதுங்குவார்கள். தாங்கல் இல்லாமல் நீளும் தளத்தை இழுத்துப் பிடித்திருப்பது அதன் மேல்பக்கத்தில் இருக்கும் கனமான கம்பி. அது மேலே இருக்கும்வரைதான் பிடிமானம். கீழே இறங்கிவிட்டால் வெறும் இரும்பு.

கீழே இறங்கியிருந்தது. மேல் கம்பியைத் தூக்கி நிறுத்தும் சின்ன இரும்புக் கால்களைப் பாதி இடத்தில் வைக்கவே இல்லை. இரவு முழுக்க ஆட்கள் மேலே நடந்து மிதித்ததில், கம்பிகள் பலகையோடு பலகையாகப் படுத்துக் கிடந்தன.

'ட்ச்.'

குயென் பின்னாலேயே நின்றிருந்தார். சிரித்தார். "தெரியும்ணே. ராத்திரி கால் தீந்துபோச்சு. கடை சாத்திட்டான். ஊத்த ஊத்த ஆள விட்டுத் தூக்கிடுவோம். கொக்கி போட்டு இழுத்தா வந்துரும்."

"கான்கிரீட்டுல கால் புதைஞ்சு நிக்கிறவன் எப்படித் தூக்குவான்? தூக்கின கம்பி, அவன் அடுத்த அடி வெச்சா எங்க போவும்?"

"எல்லாரும் அப்படித்தாண்ணே பண்றாங்க. போன மழைக்காலத்துல ஆத்தோரமா ஓட்டல் கட்டினோமே, அங்கயும் இப்படித்தான் தூக்கினோம். நிக்குதே."

நிற்கிறதே. அந்தச் சொல் தியெப்பின் காதில் அறைந்தது. அங்கே நின்றிருந்த ஒருவருக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. கம்பி கட்டுகிறவனுக்குத் தெரியும், குயெனுக்குத் தெரியும். தெரியாமல் செய்கிறவன் மேல் கோபப்பட்டுச் சொல்லிக்கொடுக்கலாம். தெரிந்து செய்கிறவனுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது?

"அவிழுங்க. காலு வாங்கிட்டு வந்து வெச்சு, முழுசா தூக்கிக் கட்டுங்க. அப்புறம் ஊத்தலாம்."

"ஒரு நாள் ஆவும்ணே!"

"ஆவட்டும். நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

குயெனின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. அவர் போனை எடுத்து டாங்கை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். டாங் முழுவதையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"தியெப், உன் கையெழுத்து வேணாம். ஆபீஸ்ல இருக்கிற கியெட்டை மத்தியானம் அனுப்புறேன், அவன் போடுவான். நீ அதைப் பத்திக் கவலைப்படாத. போய் ஊதுபத்திய மட்டும் கொளுத்து. வேளை போயிடப் போவுது."

தியெப் படியிறங்கினார். இருபது வருடத்து வேலை ஒரு பெருமூச்சில் முடிந்துவிட்டது. சட்டைப் பையில் பேனா இருந்தது. அந்தப் பேனாவைக் கண்டு அங்கே யாரும் பயப்படவில்லை. சந்தைக் கூடத்தில் நடந்ததேதான். மேசைக்கு முன்னால் வந்து நின்றார். பன்றி அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

ஊதுபத்திக் கட்டைக் கையில் எடுத்தார். லைட்டரை நீட்டிய ஆளிடமிருந்து அதை வாங்கித் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பிளாஸ்டிக் முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, பம்ப்பு தயார்" என்றார் பம்ப் ஓட்டுகிற தடித்த மனிதர்.

"ஊதுபத்தி தயாரில்லை."

முதலில் எல்லோரும் விளையாட்டென்று நினைத்தார்கள். பிறகு குயென் ஓடி வந்தார். "என்னண்ணே இது? குடுங்க, நான் ஏத்துறேன்."

"நீங்க யாரு? உங்க வீடா இது?"

குயென் பம்ப்காரரிடம் திரும்பினார். "நீ ஆரம்பிப்பா. அவர் உக்காந்திருக்கட்டும்."

பம்ப்காரர் கையைக் கட்டிக்கொண்டார். "வீட்டுக்காரர் கும்பிடாம கொழாயத் தொறந்தா அது என் தலையிலதான் விடியும். நான் பொத்தான அமுக்க மாட்டேன்."

"வீட்டுக்காரி அங்க நிக்கிறாய்யா!"

"அவங்க வரக்கூடாதுல்ல?"

லொவான் தெருமுனையில் கரும்புச்சாறுக் கடையின் குடைக்குக் கீழே நின்றிருந்தாள். யாரோ போனில் சொல்லிவிட்டார்கள் போல, அங்கிருந்தே கத்தினாள்.

"தியெப்பண்ணே! என்ன பண்றீங்க? நேரம் போவுது!"

"கம்பி கீழ கெடக்குது!"

"அதெல்லாம் குயென் பாத்துக்குவார்!"

"குயென் பாத்தார்! அதனாலதான் கீழ கெடக்குது!"

சாரத்தில் யாரோ சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். லொவான் நாலு எட்டு முன்னால் வந்துவிட்டாள். உடனே மாடியிலிருந்தும் லாரிகளிலிருந்தும் எல்லோரும் ஒரே குரலில் அலறினார்கள். "அக்கா, வராதீங்க! அங்கயே நில்லுங்க! வந்தா எல்லாம் கெட்டுரும்!" தணலில் கால் பட்டவள்போல அவள் பின்வாங்கினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது, ஆத்திரத்தில்.

"அது என் வீடுண்ணே!"

"எனக்கு வித்துட்டீங்க. செவப்புத் தாள்ல எழுதிக் குடுத்தீங்க."

"அது சாமிக்கு எழுதினது!"

"சாமி முன்னாடிதான் நானும் சொல்றேன். இன்னைக்கு ஊத்த வேணாம்!"

லாரிகளின் உருளைகள் மட்டும் சுழன்றுகொண்டிருந்தன. குயென் கெஞ்சினார், பிறகு திட்டினார், பிறகு மறுபடி கெஞ்சினார். டாங் போனில் அழைத்துக்கொண்டே இருந்தார். தியெப் எடுக்கவில்லை. ஊதுபத்திக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முழங்காலில் கை ஊன்றி, டிராகன் வேளை முடியும்வரை உட்கார்ந்திருந்தார்.

ஜெயித்துவிட்டதாக அவருக்குத் தோன்றவில்லை. இதை அவரைப் பாராட்டுவதற்காகச் சொல்லவில்லை. உட்கார உட்கார அவருக்குக் கோபம்தான் ஏறியது. கம்பி கீழே கிடக்கிறது என்று படித்த படிப்போடும் சட்டத்தோடும் சொன்னபோது ஒருவரும் அசையவில்லை. பத்தியைப் பற்றவைக்க மாட்டேன் என்றதும் அத்தனை பேரும் சிலையாகிவிட்டார்கள். பிள்ளைகள் மேல் விழக்கூடும் என்பது யாரையும் பயமுறுத்தவில்லை. மண் தெய்வம் கோபித்துக்கொள்ளும் என்பது பயமுறுத்திவிட்டது. தான் சொன்னது சரி என்பதால் வேலை நிற்கவில்லை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. வேலை நின்றது, காரணம் தப்பானது. தப்பான காரணத்துக்காக நடக்கிற சரியான காரியத்தை என்ன பெயர் சொல்லி அழைப்பது?

லாரிகள் கிளம்பின. ஒரு வண்டிக் கான்கிரீட் இறுக ஆரம்பித்துவிட்டதால் அதைத் தெருவிலிருந்த பள்ளங்களில் கொட்டினார்கள். அந்தத் தெரு இன்றைக்கும் அந்த ஓரிடத்தில் மட்டும் வழவழப்பாக இருக்கிறது.

"பன்னிய என்னண்ணே பண்றது?" என்று கேட்டான் ஒருவன்.

"சாப்பிடுங்க."

"படைக்கலியே!"

"பன்னிக்குத் தெரியவா போவுது?"

ஒருவரும் கை வைக்கவில்லை. தியெப் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பிய பிறகுதான் கத்தி எடுத்தார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டார்.

அன்று மாலையே டாங் அவரைக் கூப்பிட்டார். இந்த முறை காபி இல்லை.

"கண்காணிப்பாளரா நின்னு நீ தடுத்திருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். வீட்டுக்காரனா நின்னு தடுத்த. அது உன் வேலை இல்ல. நீ எல்லை மீறிட்ட."

"கண்காணிப்பாளரா தடுத்தப்போ கியெட்டை அனுப்புறேன்னீங்க."

"அது வேற."

"அதேதான் சார் இது."

டாங் சொன்னதை அப்படியே தள்ளிவிட முடியாது. யார் பக்கமும் சாயாத மூன்றாவது ஆள், ஒரு வீட்டுக்குத் தன் பெயரையும் பிறந்த ஆண்டையும் கொடுத்துவிட்ட பிறகு மூன்றாவது ஆளாகத்தான் இருக்கிறானா? ஊதுபத்தியை வைத்து நல்லதைத் தடுக்க முடிந்தால் கெட்டதையும் நடத்திவிடலாம். தியெப்புக்கு இது தெரியும். ஆனால் அந்த வயதைக் கேட்டு வாங்கிக் கொடுத்தவர் டாங். அவரே எல்லையைப் பற்றிப் பேசியதுதான் தாங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். தூரத்தில் வயல்களுக்கு நடுவே மதகு கட்டும் வேலைக்கு அனுப்பினார்கள். பேய் மாதம் முழுக்க மழை. வீட்டில் அவருடைய முகத்தைப் பார்த்து ஹுவே பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் மட்டும், "முதலாளியா இருந்தப்போவே நல்லா இருந்தீங்க" என்றாள். அவர் சிரிக்கவில்லை.

அந்த மாதம் முடியும் தறுவாயில், லொவான் அவர் வீட்டு வாசலுக்கு வந்தாள். கையில் பம்ப்ளிமாஸ் பழங்கள். இளைத்திருந்தாள்.

"உள்ள வாங்க" என்றாள் ஹுவே.

லொவான் உட்கார்ந்ததும் பழத்தை மேசையில் வைத்தாள். "மன்னிப்புக் கேக்க வரல. நீங்க பண்ணினதால பாதிப் பிள்ளைங்க வேற எடத்துல சேந்துட்டாங்க. வங்கிக்காரன் தினம் கூப்பிடுறான். இன்னும் வயிறு எரியுது எனக்கு."

"எனக்கும் எரியுது."

"எட்டாம் மாசம் நாள் பாத்தாச்சு. நீங்க வரணும்."

"நான் அங்க இப்ப கண்காணிப்பாளர் இல்லம்மா. உங்களுக்குத் தெரியும்."

"அதுக்குக் கியெட் தம்பி இருக்காரு. நீங்க வயசுக்கு வரணும். கடன் வாங்கின வயச நடுவுல மாத்தக் கூடாதாம். மாத்தினா வீடு பொளந்துருமாம். சோசியர் அடிச்சுச் சொல்லிட்டாரு. எங்க வீட்டுக்காரர் ரெண்டு சோசியர்கிட்ட கேட்டாரு, ரெண்டு பேரும் அதேதான்."

தியெப் அவளையே பார்த்தார். "வேலைய விட்டு எடுத்துட்டீங்க. வயச எடுக்க முடியல."

"ஆமா" என்றாள் அவள், வெறுப்போடு.

"வீடு பொளந்துருமுன்னு பயமா இருக்கா?"

"பயமா இருக்குது."

"அன்னைக்கு அதத்தாம்மா நான் சொன்னேன். அதே பயம்."

அவள் தலை குனிந்துகொண்டாள். விரல்களால் பழத்தின் தோலை அழுத்திக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "ஒண்ணு நெசமாச் சொல்லுங்க. அன்னைக்கு ஊத்தியிருந்தா விழுந்திருக்குமா?"

"தெரியாது."

"தெரியாதா!" அவள் நிமிர்ந்தாள். "தெரியாமலா என் பொழப்பக் கெடுத்தீங்க?"

"அச்சுப் பலகையைப் பிரிக்கிற அன்னைக்கே விழுமா, பத்து வருஷம் கழிச்சு விழுமா, விழவே விழாதா, எனக்கும் தெரியாது, குயெனுக்கும் தெரியாது. தெரிஞ்சா என்னை மாதிரி ஆளு எதுக்கு? தெரியாததாலதான் முன்னாடியே பாக்கச் சொல்றாங்க. நீங்க எல்லாரும் விழலையே, விழலையேன்னு சொல்றீங்க. விழுந்த பின்னாடி என்கிட்ட என்னத்த கேக்கப் போறீங்க? மேல எத்தனை பிள்ளைங்க நின்னுச்சுன்னா?"

அவர் குரலை உயர்த்தி ஹுவே கேட்டது அதுதான் முதல் தடவை. லொவான் அழவில்லை. எழுந்து, வாசல்வரை போய், திரும்பி நின்றாள்.

"வருவீங்களா?"

"வர்றேன். ஆனா பத்தி எப்போ ஏத்தறதுன்னு நான்தான் சொல்வேன்."

"வேளை சின்னதுண்ணே."

"அப்போ ஆளுங்களச் சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க."

எட்டாம் மாதம், அந்த நாள். மறுபடி வெள்ளைச் சட்டை, மறுபடி பன்றி. லொவான் மறுபடி கரும்புச்சாறுக் குடைக்குக் கீழே. குயென் தியெப்பைப் பார்த்து வணக்கம் சொன்னார், சிரிக்கவில்லை. பம்ப்காரர் மட்டும், "வாங்க முதலாளி" என்றார்.

தியெப் ஊதுபத்திக் கட்டை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்.

மேலே கியெட் இருந்தான். முப்பது வயசுப் பையன். தலைக்கவசத்தின் பட்டை கழுத்தை அறுக்கும் அளவுக்கு இறுக்கியிருந்தான். "அண்ணே, நான் எல்லாம் பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"போட்டது போட்டதா இருக்கட்டும்."

அளக்கும் நாடாவை அவர் கொண்டுவரவில்லை. அந்த வேலைக்கு வந்திருக்கும் ஆள் அவர் இல்லையே. தெருப்பக்கம் நீண்டிருந்த இடத்துக்குப் போய்க் குந்தினார். கட்டிலிருந்து ஒரு ஊதுபத்தியை உருவி, கம்பிகளுக்கு நடுவே செங்குத்தாக விட்டார். பத்தியின் முனை பலகையைத் தொட்டது. கம்பி இருக்க வேண்டிய உயரத்தில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல் போட்டார். அடுத்த இடத்தில் விட்டார். கீறலுக்கு நேராகக் கம்பி. அடுத்த இடம். சரி. இரும்புக் கால்கள் வரிசையாக நின்றன. இந்த முறை குயென் கடை சாத்தும்வரை காத்திருக்கவில்லை.

கீழிருந்து யாரோ, "வேளை ஆரம்பிச்சிருச்சு!" என்று குரல் கொடுத்தார்கள்.

தியெப் நகர்ந்துகொண்டே போனார். குந்தியபடி, ஊதுபத்தியை இறக்கி, எடுத்து, இறக்கி. கம்பி கட்டுகிறவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல் கேட்டுக்கு மேலே வரும் மூலையில் கீறல் கம்பிக்கு மேலே போய்விட்டது. மூன்று நான்கு கம்பிகள் இறங்கிக் கிடந்தன. அவற்றின் அடியில் இருந்த கால் சாய்ந்திருந்தது. அந்த மூலையில்தான் பம்ப் குழாயைப் பிடிக்க வந்தவன் ஏறி நின்றிருந்தான்.

'ட்ச்.'

கியெட் ஓடி வந்து பார்த்தான். அவன் முகம் சிவந்தது. "நான் பாக்கும்போது நல்லாத்தாண்ணே இருந்துச்சு."

"இருந்திருக்கும். கையெழுத்துப் போட்ட பின்னாடியும் ஆளுங்க நடப்பாங்க. கடைசி நிமிஷம் வரைக்கும் நிக்கணும்." பிறகு, அந்தப் பையன்மேல் இல்லாத ஒரு கோபத்தோடு, "போ, அவங்ககிட்ட நீ சொல்லு. நான் சொன்னா வேற மாதிரி ஆயிடும்" என்றார்.

கியெட் சொன்னான். முதல் தடவை குரல் எழும்பவில்லை. இரண்டாம் தடவை எழும்பியது. இருவர் வந்து கம்பியைத் தூக்கிப் பிடிக்க, மூன்றாமவன் காலை நிமிர்த்திக் கட்டினான். கீழே குயென் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வட்டம் சுற்றினார். தெருமுனையில் லொவான் குடையின் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒன்றும் கத்தவில்லை. தியெப் மறுபடி ஊதுபத்தியை இறக்கினார். கீறலும் கம்பியும் நேராக நின்றன.

கீழே இறங்கி மேசைக்கு முன்னால் நின்றபோது வேளை கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. பத்திகளைப் பற்றவைத்தார். கீறல் விழுந்ததையும் சேர்த்துத்தான். புகை எழுந்தது. சோசியர் எழுதிக் கொடுத்த வரிகள் மனப்பாடமாக இருந்தன. இந்த முறை முணுமுணுக்கவில்லை. தெருமுனைவரை கேட்கும்படி, திட்டுகிற குரலில் சொன்னார்.

"லாம் குவாங் தியெப். புலி ஆண்டில் பிறந்தவன். இந்த வீட்டின் உரிமையாளன்."

மண் தெய்வத்திடம் அனுமதி கேட்கும் கடைசி வரியை அவர் சொல்லவில்லை. அது விடுபட்டதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பம்ப்காரர் பொத்தானை அமுக்கினார். குழாய் உதறிக்கொண்டு கான்கிரீட்டைத் துப்ப ஆரம்பித்தது. அதற்குள் தியெப் மறுபடி மேலே போய்விட்டிருந்தார். கேட்டுக்கு மேல் மூலையில், யாரும் ஏறி மிதித்துவிடாதபடி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். சாம்பல் நிறச் சேறு அந்தக் கம்பிகளை மூடும்வரை அங்கிருந்து நகரவில்லை.